பைபிளேன் அடம்பிடித்தால்: அறிகுறி பார்த்துக் குறை நீக்கும் வழி

ரேடியோவால் ஓட்டும் ஒற்றை இறக்கை மாடல் விமானத்தில் இறக்கைக் கோணம் தப்பினால் அது எங்கே தப்பியது என்று கண்டுபிடிப்பது எளிது. மேலும் கீழுமாக இரண்டு இறக்கை கொண்ட பைபிளேனில் அப்படி இல்லை. நான்கு இறக்கைத் துண்டுகள், அவற்றைத் தாங்கும் கட்டைகள், இழுத்துக் கட்டிய கம்பிகள், கீழ், மேல் ஏலரான்களை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகள்) இணைக்கும் குச்சிகள் என்று கோணம் பிசகக்கூடிய இடங்கள் ஏராளம். அதனால்தான் வீட்டில் கட்டிய பைபிளேன் பல, "பறக்குது, ஆனா என்னமோ சரியில்ல" என்ற நிலையிலேயே நின்றுவிடுகின்றன.

இங்கே தரும் எண்கள் சுமார் 1.2 மீட்டர் இறக்கை நீளம், ஒன்றரை கிலோவை ஒட்டிய எடை, மின்மோட்டார், வால்சக்கரம் கொண்ட மாடலை மனதில் வைத்தவை. உங்களுடையது பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் எண்கள் மாறும். காரணங்கள் மாறாது.

எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் மூன்று கேள்விகள். த்ராட்டிலை, அதாவது மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டை, கூட்டிக் குறைத்தால் குறை மாறுகிறதா? வேகம் மாறினால் மாறுகிறதா? எப்போதும் ஒரே பக்கமா, இல்லை மாறி மாறியா? த்ராட்டிலோடு உடனே மாறினால் மோட்டார் பொருத்திய கோணத்தைச் சந்தேகிக்கலாம். வேகத்தோடு மாறினால் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, இறக்கை எங்கே முறுக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது என்று வந்தால் எங்கோ தளர்வு இருக்கிறது, அல்லது ஓட்டும் கையில் இருக்கிறது.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும் முன்னால் கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரில், அசையும் பலகைகளின் நடுநிலையை நகர்த்தும் ட்ரிம் பட்டனை அழுத்திச் சமாளித்துவிட்டு, சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போவது எனக்கு ஒப்பாத பழக்கம். ட்ரிம் அந்த ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். குறை உள்ளேயே இருந்து, இறங்கும் நேரத்தில் வேகம் குறைந்ததும் தலைகாட்டும். பறக்கும்போது ட்ரிம் போட வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஆனால் இறங்கியதும் எந்தப் பக்கம் எவ்வளவு போட்டோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுவே நல்ல தடயம். அப்புறம் ஒரு பறப்புக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பறப்பதற்கு முன்னால் மேஜையில் முடிக்க வேண்டியவை

பாதிக் குறைகள் இங்கேயே பிடிபடும். விமானத்தை மேஜையில் அசையாமல் நிறுத்தி, எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) தளம் கிடைமட்டமாக வரும்படி வாலுக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். நான்கு இறக்கைத் துண்டுகளிலும், உடலுக்கு அருகே ஒரு இடம், நுனிக்கு அருகே ஒரு இடம் என்று முன்விளிம்பு மேஜையிலிருந்து எத்தனை மி.மீ., பின்விளிம்பு எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதுங்கள். கோணம் அளக்கும் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஸ்கேல் போதும்: இறக்கையின் முன்பின் அகலம் 20 செ.மீ. என்றால் ஒரு டிகிரி என்பது முன், பின் விளிம்புகளுக்கு இடையே சுமார் 3.5 மி.மீ. உயர வேறுபாடு. ஸ்கேலில் தாராளமாகத் தெரியும் அளவு.

இடதுக்கும் வலதுக்கும் அரை டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. மேலுக்கும் கீழுக்கும் இடையே வேறுபாடு இருக்கலாம், சில சமயம் வேண்டும். மேல் இறக்கை கீழ் இறக்கையைவிட முன்னால் தள்ளியிருக்கும் அமைப்பில், மேல் இறக்கைக்கு ஒரு டிகிரி கூடுதல் கோணம் வைத்தால் வேகம் குறையும்போது அதுதான் முதலில் தூக்குவிசையை இழக்கும். அது எடை மையத்துக்கு முன்னால் இருப்பதால் மூக்கு தானாகக் கீழே சாயும், வேகம் திரும்பி வரும். கீழ் இறக்கைக்குக் கோணம் கூடிப்போயிருந்தால் இது தலைகீழாகும்: பின்னால் இருப்பது முதலில் விழுந்து, மூக்கு தூக்கியே நிற்கும். முதல் பறப்பில் பார்க்க விரும்பாத காட்சி அது.

அடுத்தது எடை மையம், அதாவது சி.ஜி. பைபிளேன் கட்டுபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். இரண்டு இறக்கைகளுக்கும் சேர்த்து ஒரு கற்பனை இறக்கையை வரைந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே பரப்பு, ஒவ்வொன்றும் 20 செ.மீ. அகலம், மேல் இறக்கை 6 செ.மீ. முன்னால் என்றால், கற்பனை இறக்கையின் முன்விளிம்பு மேல் இறக்கையின் முன்விளிம்புக்கு 3 செ.மீ. பின்னால் இருக்கும். அங்கிருந்து அகலத்தில் 25 முதல் 28 சதவீதம், அதாவது 5 முதல் 5.6 செ.மீ. ஆக மேல் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 8 முதல் 8.6 செ.மீ. பின்னால் சி.ஜி. வர வேண்டும். முதல் பறப்புக்கு 8 என்று வையுங்கள்.

பரப்பு சமமில்லை என்றால் பாதி என்று எடுக்கக் கூடாது. மேல் இறக்கை 24 சதுர டெசிமீட்டர், கீழ் இறக்கை 16 என்றால், 6 செ.மீ. இடைவெளியை 16-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 2.4 செ.மீ. அதுதான் கற்பனை இறக்கை பின்தள்ளும் தூரம். இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் உடலை ஒட்டிய இடத்தில் அளக்காமல், இறக்கைத் துண்டின் நடுப்பகுதியில் அளந்து கணக்கிடுங்கள். கீழ் இறக்கையில் மட்டும் விரல் வைத்துத் தூக்கிப் பார்த்து "இருபத்தைந்து சதவீதம் வந்துடுச்சு" என்று சொல்பவருடைய விமானம், மேல் இறக்கை முன்தள்ளிய அமைப்பில், வால் கனமாகத்தான் இருக்கும்.

கடைசியாக, மூக்கையும் வாலையும் பிடித்து விமானத்தைத் தொங்கவிட்டு எந்த இறக்கை சாய்கிறது என்று பாருங்கள். சாயும் பக்கத்துக்கு எதிர் நுனியில் எடை ஒட்டிச் சமன் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. கீழே வரப்போகும் குறைகளில் இரண்டு மூன்றை இதுவே தடுத்துவிடும்.

தரையில்: நேராக ஓட மறுத்து இடப்பக்கம் திரும்புகிறது

பின்னாலிருந்து பார்க்கும்போது வலச்சுற்றாகச் சுற்றும் வழக்கமான புரொப்பெல்லர் என்றால் இது எதிர்பார்க்க வேண்டியதே. மோட்டாரின் எதிர்முறுக்கு இடது சக்கரத்தை அழுத்துகிறது. புரொப்பெல்லரிலிருந்து சுழன்று வரும் காற்று செங்குத்து வாலின் இடப்பக்கத்தில் அடிக்கிறது. வால் தரையில் இருக்கும்வரை புரொப்பெல்லரின் வலப்பாதி அதிகம் இழுக்கிறது. வால் தூக்கும் நொடியில் சுழலும் புரொப்பெல்லரின் பம்பர விளைவும் இடப்பக்கமே தள்ளுகிறது. நான்கும் ஒரே பக்கம்.

இதற்கு மருந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. த்ராட்டிலை மூன்று நான்கு வினாடி எடுத்து மெதுவாக ஏற்றுங்கள். முதலில் எலிவேட்டரை மேலே இழுத்துப் பிடித்து வால்சக்கரம் தரையைப் பிடிக்கட்டும். வேகம் ஏறியதும் பிடியைத் தளர்த்தி வால் தானாக எழ விடுங்கள். ரட்டரை, அதாவது மூக்கை இடம் வலம் திருப்பும் செங்குத்து வால் பலகையை, விமானம் திரும்பிய பிறகு வலப்பக்கம் கொடுக்காமல், திரும்பும் முன்பே தயாராக வையுங்கள்.

திரும்புவது இடம் வலம் என்று மாறி மாறி வந்தால் சக்கரங்களைப் பாருங்கள். இரண்டும் இணையாக, அல்லது மிக லேசாக முன்பக்கம் உள்நோக்கி இருக்கட்டும். வால்சக்கரம் ரட்டர் அளவுக்கே திரும்பினால் அது அதிகம். ரட்டர் முழுதாகத் திரும்பும்போது வால்சக்கரம் அதில் பாதி திரும்பினால் போதும். இடையில் மெல்லிய ஸ்பிரிங் வைத்தால் ரட்டரை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவின் பல்லும் பிழைக்கும்.

தரையில்: மூக்குக் குத்திக் கவிழ்கிறது

சக்கர அச்சு பின்னால் இருக்கிறது. விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்து, சி.ஜி.யிலிருந்து நேர் கீழே ஒரு கோடும், சக்கர அச்சுக்கு ஒரு கோடும் கற்பனை செய்தால் இடையில் 15 முதல் 20 டிகிரி இருக்க வேண்டும். குறைந்தால் குத்தும். ரொம்ப அதிகமானால் இறங்கும்போது துள்ளும். சக்கரத் தண்டின் கம்பியை முன்னால் வளைப்பது எளிய வழி. உயரமான புல்லில் எந்த அளவும் உதவாது, பெரிய சக்கரம்தான் உதவும்.

எழும்பியதும் மூக்கு மேலும் கீழும் அலைகிறது, ஸ்டிக் தொட்டாலே துள்ளுகிறது

வால் கனம். கிளம்பியதும் இது தெரிந்தால் முழு த்ராட்டில் கொடுத்துத் துரத்த வேண்டாம். நடுத்தர வேகத்தில், எலிவேட்டரை மில்லிமீட்டர் கணக்கில் தொட்டு, பெரிய வட்டமாகத் திரும்பி இறக்கிவிடுங்கள். எலிவேட்டர் நகர்வைப் பாதியாகக் குறைக்கும் சுவிட்ச் ஒன்றை முதல் பறப்புக்கு முன்பே தயாராக வைத்திருப்பது இதற்காகத்தான்.

வால் பக்கம் சேரும் எடையை யாரும் மதிப்பதில்லை. 1.6 கிலோ விமானத்தில் சி.ஜி.க்கு 70 செ.மீ. பின்னால் 20 கிராம் கூடினால் சி.ஜி. ஏறக்குறைய 9 மி.மீ. பின்னால் போய்விடும். ஒரு கை எபாக்சிப் பசையும் இரண்டு கோட் பெயின்ட்டும் அந்த 20 கிராமைத் தந்துவிடும். அதைச் சமன் செய்ய, 20 செ.மீ. முன்னால் இருக்கும் மூக்கில் 70 கிராம் ஈயம் வேண்டும். எனவே ஈயம் தேடும் முன் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள், சர்வோக்களை முன்னால் கொண்டுவாருங்கள், வாலில் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். முதல் உலகப்போர் கால விமானங்களின் மாடல்களில் இது தீராத தலைவலி. சாப்வித் கேமல் போன்றவற்றின் குட்டை மூக்கில் கனமான சுழல் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. நாம் அங்கே இலேசான மின்மோட்டாரை வைக்கிறோம். அந்த மாடல்களில் ஈயம் இல்லாமல் தப்புவது அரிது. மனதைத் தேற்றிக்கொண்டு போட வேண்டியதுதான்.

வால் கனமா, மூக்குக் கனமா என்று உறுதிசெய்ய ஒரு சோதனை. நல்ல உயரத்தில், பாதி த்ராட்டிலில், கை விட்டாலும் நேராகப் போகும்படி ட்ரிம் செய்யுங்கள். த்ராட்டிலைக் குறைத்து 30 முதல் 45 டிகிரி சரிவில் மூக்கைக் கீழே தள்ளி, எலிவேட்டர் ஸ்டிக்கை விடுங்கள். மெதுவாகத் தலைநிமிர்ந்து வந்தால் சரி. வெடுக்கென்று மேலே இழுத்தால் மூக்குக் கனம். அதை மறைக்க நீங்கள் எலிவேட்டரில் மேல் ட்ரிம் போட்டிருப்பீர்கள், வேகம் கூடியதும் அந்த ட்ரிம்மின் வலு கூடுகிறது. சரிவு இன்னும் செங்குத்தானால் வால் கனம், உடனே மீட்டெடுங்கள். பேட்டரியை ஐந்து மி.மீ. நகர்த்தி மறுபடி சோதியுங்கள்.

த்ராட்டில் கூட்டினால் மூக்குத் தூக்குகிறது, குறைத்தால் குத்துகிறது

த்ராட்டில் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் விமானம் ஏறத்தான் செய்யும். அது குறை இல்லை. பார்க்க வேண்டியது எவ்வளவு சீக்கிரம் என்பது. த்ராட்டிலைச் சட்டென்று மூடியதும், வேகம் குறைவதற்கு முன்பே, அதே கணத்தில் மூக்கு விழுந்தால் மோட்டார் போதுமான அளவு கீழ்நோக்கிச் சாயவில்லை. அதே கணத்தில் மூக்கு எழுந்தால் அதிகம் சாய்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு வினாடி கழித்து மெதுவாகச் சாய்ந்தால் எல்லாம் ஒழுங்கு.

மோட்டார் பிடிப்பானின் மேல் திருகுகளுக்குப் பின்னால் ஒரு வாஷர் வைத்தால் மோட்டார் கீழ்நோக்கிச் சாயும். ஒவ்வொரு வாஷராகக் கூட்டிப் பாருங்கள். தொடக்கமாக 2 டிகிரி கீழ், 2 டிகிரி வலம் என்பது பெரும்பாலான மாடல்களுக்குப் பொருந்தும். வலக்கோணத்தைச் சோதிக்க, விமானத்தை நேராக மேலே ஏற்றுங்கள்: முழு த்ராட்டிலில் இடப்பக்கம் ஒதுங்கினால் வலக்கோணம் போதவில்லை.

இந்தச் சோதனை சி.ஜி. சரியான பிறகுதான். வரிசை மாறினால் மோட்டார் கோணத்தால் வால் கனத்தைச் சரிக்கட்டப் பார்ப்பீர்கள், இரண்டும் கெட்டுவிடும்.

எப்போதும் ஒரு பக்கமே சாய்கிறது

பைபிளேனில் மிகவும் சுவையான குறை இதுதான், ஏனென்றால் நான்கு வெவ்வேறு காரணங்கள் ஒரே முகமூடியைப் போட்டுக்கொண்டு வரும்.

ஏலரான் ட்ரிம் போட்டு வேகமாகப் பறக்கும்போது நேராக்கினீர்கள். வேகத்தைக் குறைத்ததும் மறுபடி அதே பக்கம் சாய்கிறதா? அப்படியானால் அந்தப் பக்க நுனி கனம். எடையின் விளைவு எல்லா வேகத்திலும் ஒன்றே, ஏலரானின் வலுவோ வேகத்தின் வர்க்கத்தோடு குறையும். அதனால் மெதுவாகப் போகும்போது ட்ரிம் தோற்கிறது. தொங்கவிட்டுச் சமன் பாருங்கள்.

எல்லா வேகத்திலும் ஒரே ட்ரிம் போதுமானதாக இருக்கிறதா? இறக்கை முறுக்கியிருக்கிறது அல்லது கோணம் சமமில்லை. முறுக்கத்தின் வலுவும் வேகத்தின் வர்க்கத்தோடுதான் கூடிக்குறையும், அதனால் ஒரே ட்ரிம் எப்போதும் ஈடுகொடுக்கிறது. மேஜைக்குத் திரும்பி நான்கு துண்டுகளையும் அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் ஃபிலிம் போர்த்திய இறக்கை என்றால், முறுக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகத் திருகிப் பிடித்து, மேலும் கீழும் வெப்பக்காற்றுக் கருவியைக் காட்டி, ஆறும்வரை விடாமல் பிடித்தால் நேராகும்.

வேகம் கூடக்கூடச் சாய்வும் கூடி, போட்ட ட்ரிம் வேகத்தில் போதாமல் போகிறதா? அப்படியானால் காற்றின் அழுத்தத்தில் ஏதோ வளைகிறது. ஒரு பக்க இறக்கை முறுக்கிக்கொள்கிறது, அல்லது மேல் இறக்கையைத் தாங்கும் உடல் கட்டையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மேல் இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். உடலே சேர்ந்து ஆட வேண்டும், இறக்கை மட்டும் ஆடக் கூடாது.

நாலாவது, த்ராட்டிலோடு மட்டும் வரும் இடச்சாய்வு. அது மோட்டார் முறுக்கு. பெரிய புரொப்பெல்லர் வைத்த இலேசான விமானத்தில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் உண்டு: நேராகப் போகும்போது எதுவும் இல்லை, எலிவேட்டரை அழுத்தி இழுத்தால் மட்டும் ஒரு பக்கம் உருள்கிறது. எலிவேட்டரின் இரு பாதிகளும் சமமாக எழுகின்றனவா என்று முழு அளவுக்கு இழுத்துப் பாருங்கள். இணைப்புக் கம்பி மெல்லியதாக இருந்தால், தள்ளுகுச்சி இல்லாத பாதி காற்றில் பின்தங்கும்.

கம்பிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாடலில் கம்பிகள் அழகுக்கா, வேலைக்கா என்று தெரிந்திருக்க வேண்டும். எலாஸ்டிக் நூலாக இருந்தால் அழகுக்கு. இரும்புக் கம்பியாக, இறுக்கும் திருகோடு இருந்தால் அவை இறக்கையின் வடிவத்தையே தீர்மானிக்கின்றன. உடலின் அடியிலிருந்து மேல் இறக்கையில் வெளித்தாங்கி (நுனிப்பக்கத்தில் இரு இறக்கைகளையும் இணைக்கும் கட்டை) சேரும் இடத்துக்குப் போகும் கம்பிகள் பறக்கும்போது சுமையை ஏற்பவை. மேலிருந்து கீழ் இறக்கையின் வெளித்தாங்கிக்கு வருபவை இறங்கும் அதிர்ச்சியை ஏற்பவை. ஒவ்வொரு ஜோடியிலும் முன்கம்பியை மட்டும் இறுக்கினால் முன்விளிம்பு கீழே இழுபடும், நுனியில் கோணம் குறையும். பின்கம்பியை இறுக்கினால் கோணம் கூடும். மேல்நோக்கிப் போகும் கம்பிக்கு இது பொருந்தும், மேலிருந்து இறங்கும் கம்பிக்கு நேர்மாறு. கம்பியைச் சுண்டினால் இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே ஒலி தர வேண்டும். கழற்றி மாட்டும் மாடல் என்றால் ஒவ்வொரு முறையும் சுண்டிப் பாருங்கள், சென்ற வாரம் சரியாக இருந்தது கணக்கில்லை.

ஏலரான் கொடுத்தால் மூக்கு எதிர்ப்பக்கம் போகிறது

இடப்பக்கம் திரும்ப ஏலரான் கொடுத்ததும் மூக்கு ஒரு கணம் வலப்பக்கம் போய், அப்புறம் வேண்டாவெறுப்பாகத் திரும்புகிறது. கீழே இறங்கும் ஏலரான் தன் பக்கத்தில் இழுவையை (காற்றின் எதிர்ப்பை) கூட்டுவதால் வருவது. மெதுவாகப் பறக்கும் பழைய பாணி பைபிளேன்களில் இது நன்றாகத் தெரியும். 1931-இல் முதலில் பறந்த டைகர் மாத் விமானத்தில் ஏலரான் கீழ் இறக்கையில் மட்டுமே. அதைக் கட்டியவர்கள் கீழிறங்கும் ஏலரான் மிகக் கொஞ்சமே அசையும்படி இணைப்பை அமைத்தார்கள். நீங்களும் அதையே செய்யலாம்: மேலே 12 மி.மீ. எழுந்தால் கீழே 6 மி.மீ. மட்டும் இறங்கட்டும். ஏலரானுக்கு இரண்டு சர்வோ இருந்தால் டிரான்ஸ்மிட்டரிலேயே அமைக்கலாம். ஒரே சர்வோ என்றால் சர்வோ கையில் இணைப்புத் துளையை அதற்கேற்ற கோணத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏலரானோடு ரட்டரைத் தானாகச் சேர்க்கும் மிக்ஸ் போடலாமா? போடலாம், ஆனால் ரட்டர் ஸ்டிக்கைப் பிடிக்கும் இடது கட்டைவிரல் பழகாமலே போய்விடும். இறங்கும்போது குறுக்குக்காற்று அடித்தால் அந்த விரல்தான் வேண்டும்.

காற்றில் "ர்ர்ர்" என்று அதிர்கிறது

உடனே த்ராட்டிலை மூடுங்கள், மூக்கை லேசாகத் தூக்கி வேகத்தைக் குறையுங்கள். காரணம் தேடுவது அப்புறம். ஏலரானோ எலிவேட்டரோ படபடக்கிறது, இன்னும் சில வினாடி விட்டால் கீல் பிய்ந்துவிடும்.

இறக்கிய பிறகு, சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்த நிலையில் ஒவ்வொரு அசையும் பகுதியையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். பின்விளிம்பில் ஒரு மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் அங்கே குறை. நான்கு ஏலரான் மாடலில் முதல் சந்தேகம் மேலையும் கீழையும் இணைக்கும் குச்சியின் மேல். கீழ் ஏலரானில் இருக்கும் தளர்வும் குச்சியின் தளர்வும் சேர்ந்து மேல் ஏலரானில் போய் நிற்கும். குச்சி இரண்டு கீல்களிலிருந்தும் ஒரே தூரத்தில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலும் கீழும் வெவ்வேறு அளவு அசைந்து, முழுத் திருப்பத்தில் இறுகிக்கொள்ளும். சர்வோ முனகினால் அதுதான் சங்கதி. கீல் இடைவெளியை ஒளி ஊடுருவும் டேப்பால் மூடினால் படபடப்பும் குறையும், ஏலரானின் வலுவும் கூடும்.

அதிர்வு த்ராட்டிலோடு ஏறி இறங்கினால், தரையிலேயே வந்தால், அது புரொப்பெல்லரின் சமனின்மை. கம்பிகள் பாடுவது வேறு. அது பாடட்டும்.

உந்துவிசை போதவில்லை, மோட்டார் சுடுகிறது, நடுவானில் திணறுகிறது

பைபிளேனுக்கு வேகம் எட்டாது. தாங்கிகள், கம்பிகள், இரண்டு இறக்கைகள் எல்லாம் காற்றில் இழுவையைக் கூட்டுகின்றன. அதனால் வேகத்துக்கான புரொப்பெல்லர் இங்கே வீண். விட்டம் அதிகம், பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைவு என்பதே விதி. 10 அங்குல விட்டம், 7 பிட்ச் உள்ளதை எடுத்துவிட்டு 11 அங்குலம், 5 அல்லது 5.5 பிட்ச் போட்டால் மோட்டார் சுமை ஏறக்குறைய அதே அளவில் அல்லது கொஞ்சம் கூடுதலாக நிற்கும். மெதுவான வேகத்தில் உந்துவிசை தெளிவாகக் கூடும். விட்டத்தை மட்டும் கூட்டிப் பிட்ச்சை அப்படியே விட்டால் மின்னோட்டம் எகிறும். மாற்றிய ஒவ்வொரு முறையும் வாட்மீட்டரில் அளந்து, மோட்டாருக்கும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவியான ஈஎஸ்சிக்கும் குறித்த வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பறக்கும் எடையில் கிலோவுக்கு 200 வாட் இருந்தால் நிதானமான பைபிளேனுக்குப் போதும்.

பறப்பின் கடைசியில் மோட்டார் விட்டு விட்டு ஓடினால் ஈஎஸ்சி பேட்டரியைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று பொருள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒரு செல் முழுதாக ஏறியதும் 4.2 வோல்ட். இறங்கி ஓய்ந்த பிறகு செல்லுக்கு 3.7 வோல்ட்டை ஒட்டி இருக்கும்படி டைமரை அமையுங்கள். பேட்டரியில் பாதிக்கு மேல் இருக்கும்போதே முழு த்ராட்டிலில் திணறினால் பேட்டரி கிழடாகிவிட்டது, அல்லது கனெக்டர் சூடாகி மின்னழுத்தத்தைத் தின்கிறது. இறங்கியதும் தொட்டுப் பாருங்கள்.

சர்வோக்கள் ஒரு கணம் செத்து உயிர்க்கின்றன

ரேடியோவைத் திட்டும் முன் ரிசீவருக்குப் போகும் மின்சாரத்தைப் பாருங்கள். பைபிளேனில் ஏலரானுக்கே நான்கு சர்வோ வைப்பவர்கள் உண்டு. எலிவேட்டர், ரட்டரோடு ஆறு. ஈஎஸ்சிக்குள் இருக்கும் பழைய வகை பி.இ.சி. (ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் பகுதி), மிச்ச மின்னழுத்தத்தை வெப்பமாக எரித்துக் குறைப்பது. முழுதாக ஏறிய 4 செல் பேட்டரியின் 16.8 வோல்ட்டை 5 ஆக்கும்போது ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிட்டத்தட்ட 12 வாட் வெப்பம். ஆறு சர்வோ ஒன்றாக அசைந்தால் அது தாங்காது, ரிசீவர் ஒரு கணம் அணைந்து எழும். ஸ்விட்சிங் வகைத் தனி பி.இ.சி. வைப்பதே தீர்வு.

அப்புறம் ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரில் இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, பேட்டரிக்கும் கார்பன் குழாய்க்கும் தள்ளி இருக்கட்டும். இரும்புக் கம்பி கட்டிய இறக்கைக் கூட்டுக்கு நடுவே ரிசீவரை வைப்பதைவிட வால்பக்கம் கொஞ்சம் தள்ளி வைப்பது மேல். குறைந்த சக்தி நிலையில் தூரச் சோதனையை மோட்டார் ஓடாமலும் ஓடும்போதும் செய்யுங்கள். சிக்னல் போனால் த்ராட்டில் மூடும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சரிபாருங்கள்.

இறங்கும்போது திடீரென்று விழுகிறது, அல்லது துள்ளுகிறது

ஒற்றை இறக்கைக்காரர்கள் செய்வது: தூரத்திலேயே த்ராட்டிலை மூடிவிட்டு மிதந்து வருவது. பைபிளேன் மிதக்காது. த்ராட்டிலை மூடினால் பிரேக் போட்டது போல வேகம் இழக்கும். கால்வாசி த்ராட்டில் வைத்தே இறங்கி வாருங்கள், உயரத்தை த்ராட்டிலால் கட்டுப்படுத்துங்கள், சக்கரம் தரையை நெருங்கிய பிறகு மூடுங்கள். நடுவானில் மோட்டார் நின்றால் யோசிக்காமல் மூக்கைக் கீழே தள்ளி வேகத்தைக் காப்பாற்றுங்கள். திரும்பி ஓடுபாதைக்கு வர ஆசைப்படாமல் நேரே முன்னால் இறக்குங்கள்.

கடைசித் திருப்பத்தில் ஒரு இறக்கை சட்டென்று விழுகிறதா? உயரத்தில் போய்ச் சோதியுங்கள். த்ராட்டிலை மூடி, மூக்கை மெதுவாகத் தூக்கிக்கொண்டே போய், எந்த இறக்கை விழுகிறது என்று சில முறை பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் என்றால் முறுக்கம் அல்லது பக்கவாட்டுச் சமன். மாறி மாறி என்றால் நுனிகள் சீக்கிரம் தூக்குவிசையை இழக்கின்றன. மேல் இறக்கையின் இரு நுனிகளிலும் பின்விளிம்பு மேல்நோக்கி 2 டிகிரி முறுக்கம் சமமாக வைக்கலாம். அதைவிட எளிய தந்திரம், எல்லா ஏலரான்களையும் நடுநிலையில் ஒன்றிரண்டு மி.மீ. மேலே தூக்கி வைப்பது. கொஞ்சம் தூக்குவிசை குறையும், ஆனால் விமானம் மிகவும் சாதுவாகிவிடும்.

துள்ளினால் எலிவேட்டரைக் கீழே தள்ள வேண்டாம். அடுத்த துள்ளலில் புரொப்பெல்லர் உடையும். சிறிது த்ராட்டில் கொடுத்து, மூக்கை மட்டமாகப் பிடித்து, மறுபடி இறங்க விடுங்கள். நிறையத் துள்ளிவிட்டால் முழு த்ராட்டில், சுற்றி வாருங்கள்.

குறைகள் தீர்ந்த பிறகு

இப்போதுதான் மேம்படுத்தத் தொடங்கலாம். என் கணிப்பில் பலன் தரும் வரிசை இது: முதலில் வாலில் எடை குறைப்பு, ஏனென்றால் அங்கே ஒரு கிராம் போனால் மூக்கில் மூன்றரை கிராம் ஈயம் போகும். அடுத்து ஏலரான் இடைவெளிகளை மூடுவது. அதன் பிறகு சதுரக் கட்டைத் தாங்கிகளைப் பால்சா மரப் பட்டை ஒட்டி நீர்த்துளி வடிவத்துக்குத் தேய்ப்பது. உருண்டைக் கம்பியைவிட நீர்த்துளி வடிவத்துக்கு இழுவை பல மடங்கு குறைவு, அதனால் சக்கரத் தண்டுக் கம்பிக்கும் இதைச் செய்யலாம். எக்ஸ்போ எனப்படும் ஸ்டிக் மென்மையாக்கலைக் கடைசியில் போடுங்கள். வால் கனத்தை மறைக்க அதை முதலிலேயே போடுபவர்கள் உண்டு.

தாங்கிகளைத் தேய்த்து முடித்ததும் ஒன்றைக் கவனியுங்கள்: இழுவை குறைந்த விமானம் இறங்கும்போது முன்பைவிடத் தூரம் போகும். பழகிய இடத்தில் த்ராட்டிலைக் குறைத்தால் ஓடுபாதையைத் தாண்டிவிடும். முதல் இரண்டு மூன்று இறக்கங்களுக்கு இன்னும் கொஞ்சம் முன்னாலேயே குறைத்து, எங்கே தரை தொடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எலிவேட்டர் ட்ரிம்மும் ஒன்றிரண்டு சொடுக்கு மாறியிருக்கும்.